ஆர்லன் வண்டிக்கு எந்த கியர்?

ஹலோ... ஹலோ, நடீன் பேசுறேன், ஹேஸ்ட்டிங்ஸ் பழைய வண்டி யார்டு... ஓ, நீயா! ஏண்டா, அக்காவுக்கு செல்போன்னு ஒண்ணு இருக்குல்ல, கடை நம்பருக்கு எதுக்குப் பண்ற?... எடுக்க மாட்டேன்னா? ஆமா, எடுக்க மாட்டேன்தான். போன வாரம் எடுத்தேன், கார்புரேட்டரப் பத்தி முக்கா மணி நேரம் பேசுன. அடுப்புல இருந்த கறி கரிக்கட்ட ஆயிடுச்சு... சரி சரி, கோச்சுக்காத. சொல்லு.

ம்... ம்... என்னது? இரு இரு, மறுபடி சொல்லு. பின் சக்கர கியரு, நாலு பாயிண்ட் அஞ்சு ஆறா?... யாரு குடுத்தா?... டுவைனா! அவன் சும்மா குடுத்தானா? ஆர்லன், அவன் சும்மா தும்மக்கூட மாட்டான்டா... ஆமா... ஆமா... ஓஹோ, சனிக்கிழம சிக்னல்ல ஒன்ன முந்திட்டுப் போயி, அப்புறம் பாவப்பட்டு கழட்டி வச்சிருந்த அந்த கிரவுன் பினியன் கியர குடுத்தானாக்கும். நல்ல மனுஷன். நீயும் இளிச்சுக்கிட்டே வாங்கிட்டு வந்துட்ட...

இல்ல, நான் சிரிக்கல... சிரிக்கலடா. தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு.

சரி, அதப் போட்டா வண்டி சிக்னல விட்டுப் பறக்கும். ஒத்துக்குறேன். பறந்து? பழைய வண்டிக்காரங்க கூடுற மீட்டு புவெப்ளோல, அது என்ன சிக்னலுக்கு அந்தப் பக்கமா இருக்கு? நானூத்தம்பது மைல்! அத்தன மைலும் எஞ்சின் மூவாயிரத்து ஐநூறுக்குக் கீழ எறங்காம கத்திக்கிட்டே வரும். மீட்டுக்குப் போய்ச் சேர்றப்ப ஒனக்கு ரெண்டு காதும்... என்ன?... ட்ரெய்லரா? வண்டிய ட்ரெய்லர்ல ஏத்திட்டுப் போறியா? போ, போ. போயி அங்க எறக்கு. மீட்டுக்கு வந்த அத்தன பேரும் மடக்கு நாற்காலியப் போட்டு, ஓட்டிட்டு வரத் துணிச்சல் இல்லாதவன்னு வேடிக்க பாப்பாங்க. நம்ம அப்பா இருந்திருந்தா ஒன் பேரையே மாத்தி வச்சிருப்பாரு... தெரியுதுல்ல? அப்ப எதுக்கு அத வாய்ல எடுக்குற?

ம்... ம்... லவோன் வரமாட்டேங்குறாளா?... இந்த வருஷமா?... எப்பச் சொன்னா?... ஓ... சரி. அதான் குரல் ஒரு மாதிரி இருக்கா. அத மொதல்லயே சொல்லாம கியரு கியருன்னு சுத்தி வளைக்கிற.

டேய், ஒன் பொண்டாட்டி போன வருஷம் திரும்பி வந்தது எதுல? பஸ்ல. ஏன்னு நீயேதான் ஊர் பூரா சொன்ன, சத்தம் தாங்கலன்னு. காதுல பஞ்ச வச்சிருந்தாள்னு சொன்ன. இப்ப அதவிடச் சத்தம் போடுற கியர வாங்கி வச்சுக்கிட்டு, அவ வரலன்னு அழுதா?... என்ன இல்ல?... சத்தம் இல்லையா, இப்ப இருக்குற கியருக்கு எஞ்சின் தெணறுதா? யாரு சொன்னா?... சக்கரம் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் எத்தன சுத்துன்னு எண்ணுனியா? நீயே எண்ணுனியா? எவ்வளவு வந்துச்சு?

...ரெண்டா?

ஆர்லன். கண்ணு. இருவத்தாறு வருஷமா இந்த யார்டுல ஒக்காந்திருக்கேன். அப்படி ஒரு கியர ஒரு வண்டியில நான் பாத்ததில்ல... சத்தியம் எல்லாம் பண்ணாத. எங்க நிக்குற?... ஷெட்டுலயா? நல்லதாப் போச்சு. போன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. வண்டி நியூட்ரல்ல இருக்கா?... பின் சக்கரம் தூக்கியிருக்கா?... ஒரு பக்கம் மட்டுமா. ம். நெனச்சேன். இல்ல, ஒண்ணுமில்ல, சும்மா ம்னேன்.

நடுவுல ஓடுற ஷாஃப்ட்டுல சாக்பீஸால ஒரு கோடு போடு. சக்கரத்துலயும் ஒரு கோடு... போட்டியா? இப்ப — ஒரு நிமிஷம் இரு — என்ன வேணும் சார்? ரேடியேட்டரா? மூணாவது வரிச, மஞ்ச வேனுக்குப் பின்னால. பாம்பு கெடக்கும், பாத்து. கடிக்காது, சும்மா படுத்திருக்கும் — ம், சொல்லு ஆர்லன்... அப்ப நீ சக்கரத்த எத்தன சுத்து சுத்துன?... ஒரு சுத்து. ஷாஃப்ட் ரெண்டு சுத்தும் கொஞ்சமும். அதனால கியர் ரெண்டுன்னு முடிவு பண்ணிட்ட.

இப்ப சக்கரத்த ரெண்டு சுத்து சுத்து. மெதுவா... ஷாஃப்ட்டப் பாத்து எண்ணு. ஒண்ணு... ம்... ரெண்டு... மூணு... மூச்சு விடுடா... நாலு... நாலுக்கு மேல கொஞ்சம்? துளியூண்டா? ஆங், அதான்.

நாலு பாயிண்ட் ஒண்ணு ஒண்ணு. அதுதான் ஒன் வண்டியில இருக்கு.

ஏன்னா? அந்தப் பக்கச் சக்கரம் தரையில நிக்குதுடா! அது சுத்தாம நின்னு, இது மட்டும் ஒரு சுத்து சுத்துனா, உள்ள கிரவுன் அரைச் சுத்துதான் போவும். அதான் ரெண்டு சுத்து சுத்தி எண்ணணும். பதினஞ்சு வயசுல அப்பா ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தப்ப நீ கூரையில ஒக்காந்திருந்த பூனையப் பாத்துட்டு இருந்த... ஆமா, எனக்கு ஞாபகம் இருக்கு. சாம்பல் பூனை.

சிரிக்கிறேன், ஆமா, இப்ப நெஜமாவே சிரிக்கிறேன். என்ன விட்டுரு. ஒன் எஞ்சின் தெணறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அறுவத்தஞ்சு மைல் வேகத்துல மூவாயிரத்து எரநூறு சுத்து சுத்தி, பாவம், கால்ல விழுந்து கெஞ்சுது. இதுல டுவைன் கியர வேற ஏத்தப் பாத்த.

ம்... மூணு சொச்சத்துலயும் பின் கியர் இருக்கு என்கிட்ட. ஒரு பழைய வேனோட பின் அச்சு ஹௌசிங் அப்படியே கெடக்கு. அதப் போட்டா ரோட்டுல சத்தம் கொறையும். ஆனா சிக்னல்ல... ஆமா. எரும எந்திரிக்கிற மாதிரிதான் கெளம்பும்... மாட்டேன்னா போ. எனக்குத் தெரியும் மாட்டேன்னு சொல்லுவன்னு. அதுவும் வேணும் இதுவும் வேணும். நாப்பத்தெட்டு வயசுலயும் ரெண்டு கையிலயும் மிட்டாய்.

...என்ன சொன்ன?

...ம்.

...அவ இல்லாம போறதுக்கு எதுக்கு வண்டின்னா சொன்ன? வித்துடலாம்னா?... ஆர்லன்... டேய். ஆறு வருஷம்டா. ஒவ்வொரு தகடும் நீ தட்டி நிமித்துனது. அந்தக் கதவு ரெண்டும் என் யார்டுல கோழிக் கூண்டுக்கு அடியில கெடந்தது... சரி. சரிடா. இரு, இப்ப நான் கேலி பண்ணல. லவோன் எங்க?... சமையக்கட்டுலயா? போன அவகிட்ட குடு... ஒண்ணும் கேக்க மாட்டேன், குடு. ஸ்பீக்கர அமத்திட்டுக் குடு. நீ ஷெட்டுக்குப் போயி ஜாக்கு நிக்குதான்னு பாரு... போடான்னா!

ஹலோ லவோன்! எப்படிம்மா இருக்க?... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். முட்டி எப்படி இருக்கு?... அந்த எடது காலு?... மாடிப்படி ஏறுறியா? அடேயப்பா. ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம்தானே... ஆமாம்மா, அவன்தான் போன் பண்ணான். என்ன கேக்கப் போறேன்னு ஒனக்கே தெரியும்... ம். சத்தம்தான்னு அவன் சொல்றான்... இல்லையா?

இல்லையா?

...ம்... ம்... போன வருஷம் போற வழியில, லைமன்லயா? பெட்ரோல் போட நிறுத்துன எடத்துல?... நீ கேட்டியா? கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன்னு?... அவன் என்ன சொன்னான்?... ஐயோ. அப்படியேவா? ‘கிளட்ச் கனம், நீ சும்மா ஒக்காரு’ன்னா? எல்லாரு முன்னாலயுமா?... சிரிச்சானா! இவனுக்கு... ம்... ம்... சொல்லு, சொல்லும்மா, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

...ஆமா. அந்த சீட்டு மொத்தமும் நீதானே தச்ச. ரெண்டு குளிர்காலம்... தெரியும். தெரியும்மா... அப்ப பஸ் ஏறுனது சத்தத்தால இல்ல... இத ஏன் அவன்கிட்ட நீ... ஆமா. கேட்டு வாங்குறது ஒரு வாங்குறதான்னு தோணும். எனக்கும் தோணும்... அழாத. இல்ல, நல்லா அழு, ஆனா துடைச்சுட்டு குடு அந்தக் கழுதகிட்ட. திட்ட மாட்டேன்... கொஞ்சமாத் திட்டுறேன்.

ஆர்லன். கிட்ட வா. கேக்குதா?... ஒன் பிரச்சன பின்னால இருக்குற கியர் இல்ல. பெடல் போர்டுல எடது பக்கம் மொத பெடல்... கிளட்ச்தான். லவோனுக்கு எடது முட்டிதானே? ஒன் லாரி கியர் பாக்ஸு கிளட்ச்ச அவளால மிதிக்க முடியாது. போன வருஷம் அவ ஓட்டக் கேட்டாளா இல்லையா?... ம். ஞாபகம் வருதா?... வெளையாட்டாத்தான் சொன்னேன்னு சொல்லாத. எனக்குத் தெரியும் நீ வெளையாட்டாத்தான் சொன்ன. அவ அதக் கேட்டுட்டு நூறு மைல் பேசாம வந்திருக்கா, நீ எஞ்சின் சத்தத்துல அதக் கவனிக்கல.

...ஹலோ?

...அழுறியாடா? சரி. மூக்கச் சிந்திக்க.

இப்பக் கேளு. போன மாசம் ஒரு பிக்கப் வந்துச்சு, முன்னால நசுங்கிப் போயி. அதுல ஓவர்டிரைவ் வச்ச, கிளட்ச்சே வேணாத ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் இருக்கு. ஒன் எஞ்சின்ல அப்படியே ஒக்காரும். ஷாஃப்ட்ட வெட்டி அளவு பண்ணணும், அவ்வளவுதான். பின்னால நாலு பாயிண்ட் ஒண்ணு ஒண்ணு அப்படியே இருக்கட்டும், ஒரு போல்ட்டக்கூடத் தொடாத. சிக்னல்ல கெளம்புறப்ப இப்ப மாதிரியே கெளம்பும். ரோட்டுல வேகம் வந்ததும் ஓவர்டிரைவ் விழுந்து எஞ்சின் சுத்து கொறஞ்சா அறுவத்தஞ்சுல ரெண்டாயிரத்து எரநூத்துச் சொச்சம்தான். லவோன் பாட்டு கேக்கலாம்... ஆமாடா, ரெண்டு கையிலயும் மிட்டாய்!... ஆனா அந்த நாலு கியர் கம்பி போயிடும். கையால கியர் மாத்துற சொகம் போயிடும்.

...தெரியும்... தெரியும், அதுதான் ஒனக்கு உசுருன்னு. அதனாலதான் கேக்குறேன். நானா முடிவு பண்ண மாட்டேன்... யோசி. நாளைக்குச் சொல்லு... இப்பவேயா?... நல்லா யோசிச்சியா? டுவைன் சிரிப்பான்... சிரிக்கட்டுமா? சரிடா. சரிடா என் தங்கம்.

ஒண்ணு மட்டும் மறந்துடாத. ஆக்சிலேட்டர் த்ராட்டில்ல இருந்து அந்த பாக்ஸுக்கு ஒரு கேபிள் வரும், அத சரியா இழுத்துக் கட்டணும். கட்டலன்னா லைமன் வரைக்கும்கூடப் போவாது, பாக்ஸு எரிஞ்சுரும். அத நான் வந்து பாக்குறேன், நீ பூனையப் பாத்துட்டு இருப்ப... என்ன?... நீ எங்க ஒக்காருறதா? பக்கத்து சீட்டுல! மேப்ப மடியில வச்சுக்கிட்டு, வாய மூடிக்கிட்டு. அவ பிரேக் போடுறப்ப காலத் தரையில அமுக்காத, அவளுக்குப் புடிக்காது...

லவோன்கிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். போயி, கண்ணப் பாத்து, ‘நீ ஓட்டு’ன்னு சொல்லு. ரெண்டே வார்த்த... ம். போ.

...ஆர்லன்? போன வச்சுட்டுப் போ... ஆர்லன்?... என்ன சத்தம் அது? டங்கு டங்குன்னு?... கிளட்ச் பெடலையா கழட்டுற? டேய்! டேய், கியர் பாக்ஸ் இன்னும் என் யார்டுல, மழையில கெடக்குடா!... யாரு சிரிக்கிறா அங்க? லவோனா? ஸ்பேனர யாரு புடிச்சிருக்கா?... லவோன்! நீயா கழட்டுற?... ஹலோ?... ஹலோ?