விரல் பட்ட திருகு

பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கிற திருகு நெல்மணியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஐயா. கீழே விழுந்தால் தேடி எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அதனால் எங்கள் பூச்சு அறையின் தரை எப்போதும் துடைத்துவிட்டதுபோல இருக்கும்.

வெறும் உலோகத் திருகை எலும்பு விருந்தாளி போலத்தான் நடத்தும். எலும்பில் இருக்கிற அதே கால்சியத்தை அதன்மேல் பூசிக் கொடுத்தால், நம் வீட்டுப் பிள்ளை என்று சேர்த்து அணைத்துக்கொள்ளும். அந்தப் பூச்சைப் போடுவதுதான் என் வேலை. கழுவிய திருகை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வெறும் விரல் பட்டால் தோலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் போடுகிற பூச்சு பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும். தாடைக்குள் போனபின் உரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

என் தங்கை சைக்கிளிலிருந்து விழுந்து முன்பற்கள் இரண்டையும் இழந்தாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள் நான். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாட்டு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பல் நின்றதும் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள்.

"பல்லு நின்னதும் கெளம்பிடுவேன்க்கா. அழக்கூடாது, என்ன?"

"நான் எதுக்குடி அழறேன்? அங்க உனக்கு யாரு சமைச்சுப் போடுவா?"

"தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறதான்க்கா. நான் பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவளுக்கான திருகுகள் தட்டில் வந்தபோது வலக் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டினேன், குழந்தையின் காதைத் தடவுவதுபோல. விஷமா வைத்தேன்? தொட்டேன், அவ்வளவுதான்.

அவளுடையது மட்டும் கெட்டால் கேள்வி வரும். எல்லார் வீட்டிலும் மழை பெய்தால் யார் யாரைக் கேட்பார்கள்? அதனால் அதே தட்டில் இருந்த மற்றவற்றையும் தொட்டேன். சோதனைக்குச் சுரண்டிப் பார்க்கிற திருகை மட்டும் விட்டுவிட்டேன். மற்றவை யார் யார் வாய்க்குப் போயின என்று எனக்குத் தெரியாது. ஆகவே அதில் பகை எதுவும் இல்லை. கழன்று வந்தவற்றை நீங்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தது நல்ல வேலைதான்.

"உங்க தங்கச்சி எலும்பு பிடிவாதக்காரி, ஏத்துக்கவே மாட்டேங்குது" என்றார் பல் டாக்டர்.

"அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் டாக்டர்" என்றேன்.

பள்ளிக்கூடம் வேறு ஆளை வைத்துக்கொண்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். பல் நின்றுவிட்டால் வெளியூரில் வேறு பள்ளிக்கூடமா இல்லை? அடுத்த திருகுகளையும் நானே பூசிக் கொடுத்தேன். அந்தத் தடவை சீழ் எலும்புக்குள் இறங்கி, மேல்தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. அது நான் நினைத்துச் செய்ததல்ல. இப்போது அவளுக்குப் பேச்சு குழறுகிறது, பாட்டு இல்லை. வாசல்வரை போவாள், எதிரே ஆள் வந்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு திரும்பிவிடுவாள். கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் குழைத்து நான்தான் ஊட்டுகிறேன். நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்த பிறகு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் கிண்ணம் முழுவதும் சாப்பிட்டாள் என்று சொன்னீர்கள். என் கரண்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள் என்பதும் உண்மைதான். அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்காதீர்கள், ஐயா. அந்நியர் மனம் நோகக் கூடாதே என்று அங்கே சாப்பிட்டிருப்பாள்; உரிமையுள்ள இடத்தில்தானே பிணங்க முடியும்?