வடக்கே போய்விட்டது

இந்த நாற்காலி நல்ல நாற்காலி, ஜபருல்லா தம்பி. சாய்ந்து உட்கார்ந்து வெகுநாளாயிற்று. நீங்கள் போலீஸ் துரைக்கு மொழிபெயர்க்க வேண்டுமே, நிதானமாகவே சொல்கிறேன்.

நிபோங் திபாலில் தோட்ட அலுவலகத்தைக் கூட்டுபவள் நான், குணவதி. தெற்கிலிருந்து பினாங்குக்கு வரும் விமானம் எங்கள் ரப்பர் மரங்களுக்கு மேலேதான் போகும். போனதும் தீவிலுள்ள விமானத் திடலுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அங்கே கனி என்பவர் வரைபடத்தில் குண்டூசியை நகர்த்துவார். அதை வைத்துத்தான் திடலைக் காலி செய்து, காற்றுத் திசை காட்டப் புகை போடுவார்கள். விமானம் வந்து சேராவிட்டால், கடைசியாக ஊசி நின்ற இடத்துக்கு அப்பால்தான் தேடுவார்கள்.

முன்பு அது என் வீட்டுக்காரர் கார்த்திகேசுவின் வேலை. போன மழைக்காலத்தில் ஒருநாள் மேகம் மூடிக்கிடந்தது. "காணலைங்க," என்று உள்ளதைச் சொன்னார். உடனே தோட்டத்து ஆண்களைச் சதுப்புக் காட்டில் இறக்கித் தேடவிட்டார்கள். அவரையும்தான். கடல் ஏறியபோது அவர் கால் சேற்றில் சிக்கியிருந்தது; பிணமாகத்தான் வந்தார். விமானமோ பாதியில் திரும்பி, தெற்கே தைப்பிங்கிலேயே பத்திரமாக இறங்கியிருந்ததாம். அதில் எனக்குக் கோபம் இல்லை. அலுப்புதான். அவர் வேலையை எனக்கே கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்கிற அந்த நாளில் விமானச் சத்தம் தெற்கே கேட்டது. இருமியது. நின்றுவிட்டது. சதுப்புக் காட்டின் மேல் புகை எழுந்தது. தொலைபேசி அடித்தது.

"என்னக்கா, தைப்பிங் தாண்டிருச்சுன்னு சொல்லிட்டாங்க. உங்க தலைக்கு மேல வந்துச்சா, இல்ல பசியாறப் போயிட்டீங்களா?"

"வந்துச்சு, கனி. வடக்க போயிருச்சு."

"அப்ப புகை போடச் சொல்லிடுறேன்லா."

நல்ல பிள்ளை. ஊசியை நகர்த்தியிருப்பார். விமானம் வந்து சேராததால், தீவுக்காரர்கள் படகெடுத்து வடக்கே கடலில் தேடினார்கள்.

மறுநாள் கடைக்காரர் மனைவி சல்மா கேட்டாள்: "அக்கா, அங்க என்ன புகை? யாரோ கூப்பிடுற மாதிரியும் இருக்கு."

"கரி சுடுறாங்க."

"கரி சுடுறவங்க இப்படியா கத்துவாங்க?"

"வேலை செய்றவங்க கத்தத்தான் செய்வாங்க, சல்மா."

பிறகு புகையும் நின்றது, கூப்பாடும் நின்றது. நண்டு பிடிக்கப் போனவர்கள் இப்போது அந்த விமானத்தில் வந்த இரண்டு வெள்ளைக்காரர்களின் உடல்களையும் கண்டெடுத்திருக்கிறார்கள். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். "வரலை" என்று சொல்லியிருந்தால் எங்கள் ஆண்களைத்தானே மறுபடியும் சேற்றில் இறக்கியிருப்பார்கள்? என்னோடு பிறந்தவன் பக்கிரிசாமியைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பார்கள். இன்னொரு பெண்ணும் தாலியைக் கழற்ற வேண்டுமா? அதைத் தடுத்தேன். அவ்வளவுதான்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

"அக்கா, அன்னைக்குத் தைப்பூசம்லா," என்கிறீர்கள். "மூணு நாளும் உங்க தோட்டத்து ஆம்பளைங்க மொத்தப் பேரும் பினாங்குல, தண்ணீர்மலை முருகன் கோயில்ல. யாரை இறக்கியிருப்பாங்க?"

ஆமாம், தம்பி. பக்கிரிசாமிக்குத் திருநீறு பூசி, காவடியோடு அனுப்பி வைத்தவளே நான்தான்.