ஒரு கைத் தூண்டில்

2003 வாக்கில், ஒரு சனிக்கிழமை காலை. தேஹு ரோடு ஸ்டேஷனில் லோனாவ்ளா லோக்கல் ரயிலில் ஏறிய இரண்டு பேர் என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது, இருவர் கையிலும் தூண்டில். ஒருவருடையது புதிது, நீளமானது. மற்றவருடைய குட்டைத் தூண்டிலுக்குக் கைத்துப்பாக்கி மாதிரி வளைந்த பிடி.

“இன்னுமா இந்தத் துப்பாக்கிய விடல? உம்ம மவன் புதுசு வாங்கித் தந்தாம்லா?” என்றார் புதுத் தூண்டில்காரர்.

“அத வீச ரெண்டு கை வேணும் வே. இதுக்கு ஒண்ணு போதும்.”

“இன்னொரு கைக்கு என்ன சோலி?”

“எங்க வீட்டுக்காரி ஸ்டெல்லா இருந்தவரைக்கும் டேமுக்குக் கூடவே வருவா. தண்ணின்னா பயம். பாறையில என் இடது கையப் பிடிச்சுக்கிட்டேதான் உக்காந்திருப்பா. மீன் கடிச்சாத்தான் கைய விடுவேன். அதனால, கடிக்கவே கூடாதுன்னு ஜெபம் பண்ணுவா.”

“கேட்டாரா ஆண்டவர்?”

“முக்காவாசி நாள் சும்மாத்தான் திரும்புவோம்.”

காம்ஷேத் வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

“அப்ப இன்னைக்கும் சும்மாத்தான் வரணுமா?”

குட்டைத் தூண்டில்காரர் வாசல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

“இல்ல வே. இப்ப நல்லாக் கடிக்குது.”