ராசியான பேரு

"சம்பள ஃபைலை அழிச்சது உங்க முதலாளிதானுங்க. சர்வர் அப்படித்தான் சொல்லுது."

மகளை முதன்முதலாக விடுதியில் விட்டுவிட்டு, பீளமேட்டில் பேருந்து ஏறியிருந்தேன். முன் இருக்கையில் ஒரு மில் மேனேஜரும், அந்த மில்லின் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் இளைஞரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவரு அன்னிக்குப் பழனியில மொட்டை போட்டுட்டிருந்தாருங்க தம்பி! டைப்பிஸ்ட் அம்மணிதான் அழிச்சுதுன்னு வேலைய விட்டு நிறுத்தியே போட்டோம்."

"யாரு எந்த ஃபைலைத் தொட்டாலும் பேரோட பதியறாப்பல போன மாசமே செஞ்சுபோட்டேனுங்க. பார்த்தா எல்லாத்துலயும் முதலாளி பேருதான்."

"பின்னே? ஆயுதபூசையன்னைக்கு அவரேதான் சொன்னாருங்க, எம்பேரைப் போட்டே எல்லாரும் கம்ப்யூட்டரைத் தொறங்க, ராசியான பேருன்னு."

"அப்ப அந்த அம்மணிதான்னு எப்படீங்க சொல்றது?"

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "ராசியான பேரே அழிச்சுப்போட்டுதுன்னு அவருகிட்ட யாருங்க சொல்றது?"

"காலையிலயே சொல்லிப்போட்டேனுங்க. கொஞ்ச நேரம் மொட்டைத் தலையைத் தடவிட்டே இருந்தாரு. அப்பறம், ஆளுக்கொரு பேரு வெச்சுக் குடு, அந்தப் புள்ளைய நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுன்னுட்டாருங்க."

"அதை மொதல்ல சொல்றதில்லீங்களா!" மேனேஜர் எழுந்து நின்றார். "அந்தப் புள்ளையோட அப்பாரு மூணு நாளா சரியாச் சோறுகூட உங்கலையாமா. அவங்க ஊடு இங்கதான். சொல்லிப்போட்டு வாரேன்."

பேருந்து நிற்பதற்குள் அவர் படிக்கட்டுக்குப் போய்விட்டார்.