நாலு பேருக்கு டிக்கெட்

— இந்தத் தேயிலையை எத்தனை தடவைதான் கொதிக்க வைப்பே, அற்புதம்? வாயில வைக்க முடியல.

— ரெண்டாவது தடவைதாங்க. குடிங்க லா.

— போதும். இந்தச் சிக்கனமெல்லாம் இன்னையோட முடிஞ்சுது. அந்த பிஸ்கட் டின்னை எடு.

— ஞாயித்துக்கிழமையில எதுக்கு? கப்பல் ஆபீஸ் மூடியிருக்கும்.

— நாளைக்குக் காலையில முதல் ஆளா போய் நிக்கணும். இந்த மாசத்தோட நேவி பேஸ்ல எங்க செக்‌ஷனையே மூடுறான். வெள்ளைக்காரனே மூட்டை கட்டுறான், நாம எதுக்கு இங்க? நாகப்பட்டினத்துக்கு நாலு டிக்கெட். அண்ணன் ஒரு அறையை ஒழிச்சு வச்சிருக்காராம்.

— ஒரு அறை. நாலு பேருக்கு.

— ஏன், ரேஸ்கோர்ஸ் ரோட்டுல நமக்கு மாளிகையா இருக்கு? இதுவும் ஒத்தை அறைதான். எடுன்னா எடேன்.

— எடுக்கறேன். அந்தக் காசு எப்படிச் சேர்ந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?

— என் சம்பளத்துல சேர்ந்துச்சு.

— உங்க சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாப் போச்சுங்க. தேக்கா மார்க்கெட்டுக்கு நான் கடை கட்டுற நேரத்துலதான் போவேன். வாடின கீரையைப் பாதி விலைக்குத் தள்ளிடுவாங்க. மீன்கடை சேக் தாவூது பாய் மீன்தலையைச் சும்மாவே போடுவாரு. சோறு வடிச்ச கையோட அடுப்புக்கரியில தண்ணி தெளிச்சு அணைச்சு, காய வச்சு, மறுநாளும் எரிப்பேன். நம்ம பையன் பெர்னார்டுக்குச் சட்டைக் காலர் கிழிஞ்சா பிரிச்சுத் திருப்பித் தைப்பேன். கோயிலுக்குப் போக வர நடைதான். பஸ் காசு டின்னுக்குள்ள போயிடும்.

— சும்மா சொல்லக்கூடாது, நீ கெட்டிக்காரிதான். நான் இல்லேன்னா சொன்னேன்?

— ராத்திரி சாப்பிட்டியான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?

— இப்ப எதுக்குடி அதெல்லாம்? பிள்ளைங்க கோயில்ல ஞான உபதேச வகுப்பு முடிஞ்சு வந்துடுவாங்க. நகரு, நானே எடுக்கறேன்... என்ன இது? டின்னு லேசா இருக்கு! அற்புதம், காசு எங்க?

— கத்தாதீங்க. கீழே கடைக்காரருக்குக் கேக்கும். நான்தான் எடுத்தேன்.

— எதுக்கு?

— தோ பாயோல கவர்மென்ட் அடுக்குமாடி வாடகை வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். கிடைச்சிருச்சு. குழாயும் கக்கூசும் வீட்டுக்குள்ளேயே. முன்பணம் கட்டிட்டேன்.

— என்னைக் கேக்காமலா? யார் பேர்ல?

— என் பேர்ல. நான் இங்க பொறந்தவ. பிள்ளைங்களும் இங்க பொறந்ததுங்க. குடியுரிமைக்கு எழுதிப் போடுங்கன்னு பத்து வருஷமா உங்க கிட்ட கெஞ்சினேன். ஊருக்குப் போற ஆளுக்கு அது எதுக்குன்னீங்க.

— இங்க பாரு, நான் விளையாட்டுக்குச் சொல்லல. பேஸ் வேலை போச்சுன்னா வேற வேலைக்கு வொர்க் பர்மிட் வேணும். எனக்கு எவன் குடுப்பான்? உக்காந்த இடத்துல பொண்டாட்டி கையை எதிர்பார்த்துக் கிடக்கணுமா? நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.

— தெரியுங்க. நீங்க புரண்டு புரண்டு படுக்கிறதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதான் நான் வேலை தேடினேன். காலாங்ல சட்டை தைக்கிற பாக்டரி. அடுத்த வாரம் சேர்றேன்.

— வேலையும் பார்த்தாச்சு! அண்ணனுக்கு எழுதிட்டேன் அற்புதம், வர்றோம்னு. ஊரு பூரா சொல்லியிருப்பாரு. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வரலைன்னு எழுதுவேன்?

— எழுத வேணாம். என் தம்பி லாசரஸ் வர்றேன்னான், வந்துட்டான்னு உங்க அண்ணன் சொல்லட்டும்.

— டின்னைக் காலி பண்ணிட்டுப் பேசுற பேச்சா இது? கப்பல்காரன் சும்மா ஏத்திக்குவானா?

— வெள்ளிக்கிழமையே கப்பல் ஆபீஸுக்குப் போயிட்டு வந்துட்டேங்க. ஒரு டிக்கெட் எடுத்திருக்கேன். உங்க பேர்ல.