‘வேஸ்ட்’ என்று எழுத மறுத்த கைக்கு

சங்கிலி பிடித்துச் சலியாத கையும், சரளையில் நடந்து தளராத காலும் கொண்டு, கூடலூர் முதல் சின்னமனூர் வரை காடும் கழனியும் அளந்து, ஒருவர் வரப்பில் ஒரு சாண்கூட அடுத்தவருக்குச் சாய்க்காத செம்மையாளரும், இன்று உத்தியோகத்தினின்று ஓய்வு பெறுபவருமாகிய சர்வேயர் மகாராஜராஜஸ்ரீ வைகுண்டராஜ் அவர்களுக்குச் சர்வே கச்சேரிச் சிப்பந்திகள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்.

அளவறிந்த அண்ணலே!

இதை எழுதும் பணி, பி.ஏ. படித்தவன் என்பதற்காக எங்களில் ஒருவனிடம் வந்தது. கற்பகத் தரு என்றும் கருணைக் கடல் என்றும் எழுதச் சொன்னார்கள். தாங்களோ மிகையளவை ஒப்பாதவர். ஆகையால் உள்ளதை எழுதுகிறோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பள்ளத்தாக்கின் வெயிலைத் தாங்கள் குடையின்றித் தாங்கினீர்கள். விருந்துக்கு இலை விரித்த எந்த வீட்டிலும் அளந்து முடிக்கும்முன் அமர்ந்ததில்லை. முடித்தபின் மோர் கேட்டு வாங்கிக் குடிப்பீர்கள். அதிலும் அளவில் தோற்றவர் வீட்டு மோரே தங்களுக்குப் பிடித்தம் என்பது கச்சேரி அறிந்த செய்தி. அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே உப்புப் போட்டுத் தந்தார்கள்.

சொல்லின் எல்லை கண்ட தூயவரே!

‘வேஸ்ட்’ என்று ஓர் இங்கிலீஷ் சொல். அதன் வேர் லத்தீன்; பொருள், வெறுமை. பிரெஞ்சு வழியே இங்கிலாந்து சேர்ந்து, அங்கே உழப்படாத நிலத்துக்குப் பெயரானது. படை புகுந்து பாழான ஊரையும் அப்படிச் சொன்னார்கள். பிறகு வீணாய்ப் போன பொருளும் காலமும் அதில் சேர்ந்தன. நோயில் நாளுக்கு நாள் தேயும் உடம்புக்கும் அதே சொல்தான். இவ்வளவும் அகராதியில் உண்டு. நம் கச்சேரியில் அதற்கு ஒரே பொருள்: யாருக்கும் இல்லாதது, கேட்டவருக்குக் கொடுக்கலாம்.

மேகமலை அடிவாரத்தில் மலைமாடுகள் இரவு அடையும் தொழு ஒன்று உண்டு. வேலி இல்லை, கூரை இல்லை. மழைக்காலத்தில் மந்தை மேலே புல்லுக்குப் போய்விடும். தை பிறந்தால் இறங்கும். மந்தை இல்லாத மாதத்தில் வந்து பார்த்த வெளியூர் அதிகாரி ஒருவர், ‘வேஸ்ட், எவரும் இல்லை’ என்று குறித்துவிட்டார். தேயிலைக் கம்பெனி ஒன்று வண்டிப்பேட்டை போட அந்த இடத்தைக் கேட்டது. தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்திருந்தால், தை மாதம் மந்தைக்கு இறங்க இடமில்லை.

தாங்கள் கையெழுத்திடவில்லை. ‘மாடுகள் மேலே போயிருக்கின்றன’ என்று ஒரு வரி எழுதித் திருப்பினீர்கள். அந்த வரிக்காகத் தங்களை வருசநாட்டுக் காட்டுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு எழுந்தது. சப்-கலெக்டர் துரையே நேரில் பார்க்க வந்தார். அது சென்ற ஆண்டு மார்கழி. மந்தை இன்னும் மேலேதான் இருந்தது.

ஆறுதல் சொல்லாத அன்பரே!

அந்த மாதம்தான் எங்களில் ஒருவன் மனைவிக்குக் கொள்ளி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தான். எல்லாரும் ஏதோ சொன்னார்கள். தாங்கள் சங்கிலியின் மறுமுனையை அவன் கையில் கொடுத்து, “இழுத்துப் பிடிங்க தம்பி, தொய்யக் கூடாது” என்றீர்கள். அவன் பிடித்தான். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

அடிவாரத்தில், மந்தைக்குப் பெரியவரான வீரணன் துரையை வழிமறித்தார்.

“சாமி, நாங்க அறுப்புக்குப் போயிட்டா எங்க வீடுந்தான் பூட்டிக் கெடக்கும். அதையும் ஆளில்லன்னு எழுதிப்புடுவாகளா?”

கூட்டத்தில் யாரோ, அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லாதது என்றீர்கள். வீரணனின் மனைவி பொன்னாத்தாள் தம் கணவரைக் கைகாட்டினார்.

“அப்படின்னா இந்தா நிக்கிறாகளே, இவுக மண்டையையும் சங்கிலி போட்டு அளந்துக்கிடுங்கய்யா.”

“ஏய், தொரைக்கு முன்னால என்ன பேச்சு?”

“அவுகளுக்கு வெளங்கவா போகுது?”

துரைக்கு விளங்கியது. சிரித்துவிட்டார்.

பிறகு நடந்தோம். ஓரிடத்தில் ஊரார் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அங்கே கோடும் இல்லை, கல்லும் இல்லை. சங்கிலி ஆட்களும் கழற்றினார்கள். தாங்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை நிதானமாக அவிழ்த்தீர்கள். துரை காத்து நின்றார்.

“மாடு ஒன்றும் இல்லை. ஏன் கழற்றினீர்?” என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“மாடு இல்லை, துரையவர்களே. தொழு இருக்கிறது” என்றீர்கள். பிறகு இங்கிலீஷில், “தங்கள் ஊரில் வேஸ்ட் என்று நிலம் உண்டா? அதில் யாருடைய மாடு மேயும்?” என்று கேட்டீர்கள்.

துரை தம் ஊர்க்கதை ஒன்றைச் சொன்னார். தம் தகப்பனார் ஊரில், கோயிலுக்குப் பின்னால் அப்படி ஒரு நிலம் இருந்ததாம். பட்டா பிரபுவுக்கு, மேய்ச்சல் ஊராருக்கு. ஏழைகள் அதில் பசுவும் வாத்தும் விட்டார்களாம். “பிறகு அதை வேலி போட்டு அடைத்தார்கள். வாத்துகள் போயின. அந்த மனிதர்களும் போனார்கள்” என்றார். அச்சொல் பிறந்து வளர்ந்த ஊரில் அதன் பழைய வழக்கு இதுதான்: பயிர் இல்லாத நிலம். ஆள் இல்லாத நிலம் அன்று.

துரை தம் பூட்ஸைக் கழற்றவில்லை. ஆனால் தொழுவுக்குள் நடக்காமல், வெளியே சுற்றிக்கொண்டு போனார். அந்த ஆண்டுப் பங்குனியிலேயே உத்தரவு வந்தது. தொழு, மேய்ச்சல் புறம்போக்கு என்று பதிவாயிற்று. கம்பெனிக்கு வேறு இடம். வருசநாட்டுப் பேச்சும் அத்தோடு நின்றது. அந்த உத்தரவை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, அடுத்த காகிதக் கட்டை அவிழ்த்தீர்கள்.

ஓய்வு பெறும் உத்தமரே!

நாளை முதல் தங்கள் நாற்காலியில் இன்னொருவர் அமர்வார். அவரோடு நாங்கள் பழகிக்கொள்வோம். தங்கள் பொழுது எப்படிப் போகுமோ என்று கவலைப்பட்டிருந்தோம். இன்று காலை அந்தக் கவலையும் தீர்ந்தது. இதோ வாசலில் நிற்கும் பொன்னாத்தாள் எங்களிடம் சொன்னது இது:

“இந்த வருசம் பெறந்த காளங்கன்னுக்குச் சர்வேயருன்னு பேரு வச்சிருக்கோம். ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. எல்லார் வரப்பையும் மோந்து பாத்துட்டுத்தான் வீடு வருது. ஐயா வந்து ஒரு வார்த்தை கண்டிக்கட்டும்.”

போய்க் கண்டியுங்கள், ஐயா. அந்தக் காளை மலையேறி இறங்கும் தை ஒவ்வொன்றிலும், தாங்கள் கண்ணொளியும் கால்வலிமையும் குன்றாமல் அடிவாரத்தில் நின்று அதை எதிர்கொள்ள வேண்டும் என்று வாழ்த்துகிறோம். எங்களில் யாராவது உடன் வருவோம்.

இங்ஙனம்,
தங்களோடு சங்கிலி பிடித்த
கச்சேரிச் சிப்பந்திகள்

சின்னமனூர்,
ஈசுவர ஆண்டு பங்குனி மாதம்.