இடது இடுப்பின் கோடு

முட்டையின் மஞ்சள் கரு எனக்குப் பிடிக்காது.

நீங்கள் கேட்டது அதையல்ல என்று தெரியும். பூனை அக்கா எழுதிய கமெண்ட் எங்கே போனது, யார் அழித்தது என்பதுதான் நம் ஓவியக் குரூப்பில் இப்போது எல்லாருடைய கேள்வியும். அட்மின் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். சொல்கிறேன். ஆனால் உருவத்தை அடியிலிருந்து வரைய வேண்டும், பாதம் தரையில் ஊன்றாமல் தலைக்குப் போகாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தக் குரூப்தான். அதனால் அடியிலிருந்து வருகிறேன்.

என் தங்கச்சி ஓட்டக்காரி. வெள்ளைக் கருவை மட்டும் சாப்பிட வேண்டும் என்று அவளுடைய கோச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் முட்டை இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெள்ளை அவளுக்கு. மஞ்சளைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வராது, அதனால் அது எனக்கு. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது தட்டில் அந்த உருண்டைகள் உட்கார்ந்திருக்கும், ஓரத்தில் பச்சையாக ஒரு வளையம் கட்டி, கந்தக வாடையோடு. வாயில் போட்டால் மாவாகி அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டும். "தின்னுட்டுப் போடி, மூளைக்கு நல்லது" என்பாள் அம்மா. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். சாவியைத் தேடிக்கொண்டே சிரிப்பார். "ஒருத்திக்குக் காலு, ஒருத்திக்கு மூளை. பங்கு சரியாப் போச்சு."

எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். சான்றிதழ் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. அவளுடைய கோப்பைகள் டிவிக்கு மேலே இருக்கின்றன. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. கோப்பை நிற்கும், காகிதம் நிற்காது. ஆனால் மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது, வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், எதுவானாலும் "படிச்சவளைக் கேளு" என்றுதான் வரும். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரப் பலகை அடிக்கும் கடையில் எனக்கு வேலை. கடைக்கு வருகிறவர்களின் புகைப்படத்தில் தாடைக்குக் கீழே தொங்குகிற சதையை அழிப்பேன், பல்லை வெளுப்பேன், கண்ணுக்கடியில் இருக்கும் பையை எடுப்பேன். நாள் முழுக்க மனிதர்களின் ஊளைச் சதையைச் சுரண்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அறைக் கதவைத் திறக்கும்போதே தைல நெடி முகத்தில் அடிக்கும். நானும் தங்கச்சியும் ஒரே அறை. ஜன்னல் கம்பியில் அவளுடைய ஈரக் காலுறைகள். கட்டிலில் உட்கார்ந்து கொப்புளத்தை ஊசியால் குத்தி, வடிகிறதை என் பழைய துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருப்பாள். கட்டைவிரல் நகம் கறுத்துச் செத்து ஒருநாள் தானாகக் கழன்று விழுந்தது. "அக்கா, இதப் பாரேன்" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள், பரிசு மாதிரி. எனக்கு அதைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் வரைந்தேன். அருவருப்பாக இருப்பதை வரைந்துவிட்டால் அது கொஞ்ச நேரம் என்னைத் தொந்தரவு செய்யாது.

அவள் நல்ல பெண். அதையும் எழுதிவிடுகிறேன். நான் எதைக் குரூப்பில் போட்டாலும் சாயங்காலம் என் போனைப் பிடுங்கி ஒவ்வொரு கமெண்டாகச் சத்தமாக வாசிப்பாள். "எங்க அக்கா ஆர்ட்டிஸ்ட்" என்று மைதானத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தப் படம் பிறந்தது ஒரு சனிக்கிழமை. ஷூவை மாற்றி எடுத்துப் போய்விட்டாள் என்று கொண்டுபோய்க் கொடுக்க மைதானத்துக்குப் போனேன். வளைவைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இடது கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் வலது பக்க இடுப்பு பொத்தென்று கீழே இறங்கியது. அதைச் சமாளிக்க மொத்த உடம்பும் இடது பக்கம் சரிந்தது. கழுத்து மட்டும் அதற்கு எதிராக நிமிர்ந்து நின்றது. ஒரே ஒரு கண நேரம். கோச் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது ரசீதின் பின்பக்கம் கிறுக்கினேன், வீட்டில் கரியால் பெரிதாக வரைந்தேன். குதிகாலிலிருந்து இடுப்பு வழியாகக் கழுத்துக்கு ஒரே கோடு, கையைத் தூக்காமல். அப்படி ஒரு கோடு எனக்கு அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை.

குரூப்பில் போட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். முதல் கமெண்ட் தொடையைப் பற்றி. இரண்டாவதும் தொடையைப் பற்றி. ஒருவர் நாக்கை நீட்டுகிற பொம்மை முகம் போட்டிருந்தார். தங்கச்சி வாசிப்பதற்குள் அவற்றை அழித்தேன். அப்போது எந்த அட்மினும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

பிறகு தாடி அண்ணன் வந்தார். இந்தக் குரூப்பின் வழக்கம் புதிதாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது: யார் படத்தில் தப்பு என்று தோன்றினாலும், அதை எடுத்து அதன்மேலேயே சிவப்புக் கோட்டால் திருத்திப் போடலாம். கேட்க வேண்டியதில்லை. தாடி அண்ணன் என் தங்கச்சியின் இடுப்பை எடுத்து நிமிர்த்தினார். தடித்த, கொழகொழப்பான சிவப்புக் கோடு. யாரோ எங்கள் அறைக்குள் வந்து கட்டிலில் கிடக்கிறவளைப் பிடித்துத் திருப்பிப் படுக்கவைத்ததுபோல இருந்தது.

"தங்கச்சி, கண்ணு இருந்தா மட்டும் போதாது, கொஞ்சம் படிக்கவும் செய்யணும்" என்று எனக்கு எழுதினார். "இப்படி ஒருத்தி ஓடினா அடுத்த எட்டுல விழுந்து வாரிக்குவா. எடை எங்க நிக்குதுன்னே தெரியாம கால வெச்சிருக்கே."

என் படத்தைவிட அந்தச் சிவப்புக் கோட்டுக்கு விழுந்த இதயங்கள் அதிகம். பார்த்ததை வரைந்தேன் என்று எழுதினேன். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார் ஒருவர். கொட்டாவி விடுகிற பொம்மை போட்டார் இன்னொருவர். படித்துத்தான் வந்தேன் நான். தெருவிளக்கு மாதிரி மினுக்கிக்கொண்டிருந்த ஒரு குழல் விளக்கின் கீழ், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் படித்தேன். என் கண்ணில் தப்பு என்று என்னிடம் சொல்வதற்கு முன் ஒரு முறையாவது நீங்கள் யோசித்திருக்கலாம்.

அதற்கு அடியில்தான் பூனை அக்கா எழுதினார். பூனையைத் தவிர வேறெதுவும் வரையாதவர், எலும்பு முறிவு மருத்துவமனையில் உடற்பயிற்சி கொடுக்கிற வேலை. அழித்ததை வரி மாறாமல் தருகிறேன். "படத்துல தப்பு இல்லப்பா. இது நிஜ ஆளைப் பார்த்து வரைஞ்சதுன்னா அந்தப் பொண்ண ஒரு எட்டுகூட ஓட விடாதே. தொடை இடுக்குல வலிக்குதான்னு கேளு. வலிக்குதுன்னா தொடை எலும்போட கழுத்துல விரிசல் இருக்கலாம். ஓடினா ரெண்டா ஒடிஞ்சிரும். இன்னிக்கே ஸ்கேன் எடு."

தாடி அண்ணன் அதற்குக் கீழே, "அக்கா நீங்க பூனையோட நிறுத்திக்கோங்க" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள்.

உங்களில் என் படத்தைச் சரி என்று சொன்ன ஒரே ஆள் அவர். அவருடைய கமெண்டைத்தான் அழித்தேன். அது தங்கச்சி போனைக் கேட்கிற நேரம். தனியாக அவருக்கு ஒரு செய்தியும் அனுப்பினேன்: டாக்டரிடம் காட்டிவிட்டோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் கைகூப்புகிற பொம்மை போட்டார். நிம்மதி என்றார்.

கோபத்தில் செய்யவில்லை. நிதானமாக யோசித்தேன். ஸ்கேன் எடுத்தால் எலும்பு தெரியும். என் கோடு தெரியாது. கறுப்பு வெள்ளையில் ஒரு விரிசலைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் போட்டால், பாவம் என்பீர்கள், சீக்கிரம் குணமாகட்டும் என்பீர்கள். சிவப்புக் கோடு அப்படியே இருக்கும். தங்கச்சி ஓய்வெடுத்தால் எலும்பு கூடிவிடும், இடுப்பு நிமிர்ந்துவிடும், தாடி அண்ணன் போட்ட கோட்டுக்கே போய் உட்கார்ந்துவிடும். பிறகு நான் பார்த்ததற்குச் சாட்சி எது?

அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு ஓட்டம். ஒரு பெரிய நிறுவனத்தின் அணி. தேறினால் வேலை, தங்குமிடம் எல்லாம் அவர்களே. அன்று முழு வேகத்தில் ஓடுவாள். போனில் வேகத்தைக் குறைத்துப் படம் பிடிக்கலாம்.

நான் அவளிடம் எதையும் மறைக்கவில்லை என்று ஒரு நாள்வரை சொல்ல முடிந்தது. அவளாகக் கேட்காதவரை. தேர்வுக்கு முந்தின சாயங்காலம் கேட்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தொடை இடுக்குல ஒரு மாதிரி வலிக்குது. படியேறுறப்ப குத்துது."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா. கோச்கிட்ட சொன்னா என் பேரை எடுத்துருவாரு. நாளைக்கு ஓடட்டுமா, வேணாமா?"

அம்மா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு. எங்களுக்கு என்ன தெரியும்?"

தசைப்பிடிப்பு என்றேன். அதற்கு ஒரு பெரிய பெயரும் சொன்னேன். பெயர் பெரிதாக இருந்தால் எங்கள் வீட்டில் நம்புவார்கள். வலி மாத்திரை கொடுத்தேன், காலையில் இன்னொன்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். "தாராளமா ஓடு" என்றேன். அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. என் தோளில் சாய்ந்து, "நீ இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள். தலையிலிருந்து வியர்வையும் தைலமும் சேர்ந்து ஒரு நாற்றம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் மைதானத்தில், வளைவு முடிந்து நேர்ப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் நின்றேன். வந்தாள். வலது இடுப்பு இறங்கியது, உடம்பு சரிந்தது, கழுத்து நிமிர்ந்தது. நான் வரைந்தது வரைந்தபடி. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையைச் சொல்கிறேன். அடுத்த எட்டில் விழுந்தாள். தாடி அண்ணன் சொன்ன அதே எட்டு, அதில் அவருக்கும் பங்கு உண்டு. கையை ஊன்றி எழப் பார்த்தாள், கால் வேறு யாருடையதோ போல வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. "அக்கா" என்று கூப்பிட்டாள். கோச்சைக் கூப்பிடவில்லை. நான் போனை இறக்கவில்லை. வீடியோவில் அதுவும் இருக்கிறது. கை ஆடாமல் எடுத்திருக்கிறீர்கள் என்று உங்களில் ஒருவர் பாராட்டினார்.

விழுவதற்கு முந்தின நொடியைத் தனியாக வெட்டி, என் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வீடியோவோடு சேர்த்து ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தே போட்டேன். கீழே ஒரே கேள்வி: கோடு சரியா? தாடி அண்ணன் சிவப்புக் கோட்டை எடுத்துவிட்டார். "ஒத்துக்கறேன் தங்கச்சி, உன் கண்ணு கண்ணுதான்" என்றார். இதுவரை எதற்கும் விழாத அளவுக்கு இதயங்கள் விழுந்தன. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர் பூனை அக்கா ஒருவர்தான். கேட்டுவிட்டு, அடுத்த வரியில், நான் எழுதினது எங்கே என்றார்.

அதன் நகல் என்னிடம் இருக்கிறது. நான்தான் அழித்தேன். விரிசல் இருக்கலாம் என்று தெரிந்து ஓடச் சொன்னேன். டாக்டரிடம் காட்டினோம் என்றது பொய். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். குரூப்பிலிருந்து எடுப்பதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸில் சொல்வதென்றாலும் சொல்லுங்கள், இதையே அவர்களுக்கும் எழுதித் தருகிறேன். படத்தை மட்டும் எடுக்காதீர்கள், அதில் தப்பு இல்லை.

தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் ஆணிகள் இருக்கின்றன. இனி ஓட முடியாது, நடப்பதே சாய்ந்துதான் இருக்கும் என்றார் டாக்டர். அவளுக்கு என்மேல் சந்தேகம் இல்லை. கால் பிடித்து விடுவது நான், கழிப்பறைப் பாத்திரம் எடுத்துவைப்பதும் நான். அம்மா இப்போது முட்டையைப் பிரிப்பதில்லை, ஆளுக்கு ஒன்று முழுசாக வைக்கிறாள். நான் என்னுடைய மஞ்சள் கருவை எடுத்து அவளுக்கே ஊட்டிவிடுகிறேன். எலும்பு கூட வேண்டுமே. நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், வேறு யாருக்கு அவள்மேல் இந்த அக்கறை?

அவளுக்கு அது பிடிக்கவில்லை. அண்ணத்தில் அப்பிக்கொள்கிறது என்கிறாள். விழுங்கும்போது மூக்கின் இரண்டு பக்கமும் சுருங்கி, மேலுதடு ஏறி, முகம் முழுக்க ஒரு சுளிப்பு வருகிறது. அதை வரைந்துகொண்டிருக்கிறேன். கோடு நன்றாக வருகிறது.